கிடக்கட்டுமே என்று ஒரு கதவு

எங்கள் கந்தோரில் அவருடைய மேசை எது என்று புதிதாக வருகிறவர்கள்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள். கதவைப் பார்த்தபடி, கதிரையின் முதுகு சுவரில் முட்டும்படி மூலையில் கிடந்த மேசை அவருடையது. ஏசியின் தண்ணீர் சொட்டுகிற மூலை அது. முதலாளி பாவம் பார்த்து, கடல் தெரிகிற ஜன்னலோரத்தில் நல்ல இடம் ஒன்று கொடுத்தார். சில நாள் இருந்து பார்த்துவிட்டு, கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் மூலைக்கே வந்துவிட்டார். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாதாம்.

யார் வரப்போகிறார்கள்? வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் நாலு பேர் வேலை செய்த சின்னக் கொம்பனி அது. தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருகிறவரைத் தவிர யாரும் அந்தப் படியில் ஏறியதாக எனக்கு நினைவில்லை.

அவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். அவர் என்னை அக்கா என்பார். என்னைவிட ஒரு வயது இளையவர் என்று பிறகு தெரிந்தும் நான் மாற்றவில்லை, அவரும் மாற்றவில்லை. இப்படி ஒருவரையொருவர் மூப்பாக்கிக்கொண்டே ஏழெட்டு வருஷம் பழகினோம். இருவருக்கும் வீடு கொட்டாஞ்சேனையில், அடுத்தடுத்த தெரு. ஆனால் ஒரே பஸ்ஸில் வந்தாலும் அவரோடு கதைத்துக்கொண்டு வர முடியாது. உள்ளே எவ்வளவு இடம் கிடந்தாலும் பின்கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "உள்ளுக்க போங்க மாத்தையா" என்று கண்டக்டர் சிங்களத்தில் கத்துவார். இவர் அடுத்த ஹோல்ட்டில் இறங்கப்போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அந்த அடுத்த ஹோல்ட் வெள்ளவத்தை வரும்வரை வராது. எனக்கு எரிச்சல்தான் வரும்.

என் வேலை தொலைபேசியை எடுத்து வாடிக்கையாளர்களின் ஏச்சை வாங்குவது. ஏச்சு வராமல் பார்ப்பது அவருடைய வேலை. ஒரு மென்பொருள் ஓடுவதற்குப் பல துண்டுகள் வேண்டும். பக்கங்களைக் காட்டுவது ஒன்று, தரவை வைத்திருப்பது ஒன்று, அறிக்கை அச்சடிப்பது ஒன்று. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெட்டிக்குள் அடைத்து சேர்வரில் ஓடவிடுவார்கள். அந்தப் பெட்டிதான் கொண்டெய்னர். ஒன்றோடொன்று கதைக்க வேண்டிய பெட்டிகளை ஒரே வீட்டுக்குள் குடிவைத்தால் அதற்குப் பெயர் பொட். இதையெல்லாம் மௌசால் அமத்தி அமத்திச் செய்கிற வழியும் இருக்கிறது. அவர் அந்தப் பக்கமே போகமாட்டார். கறுப்புத் திரையில், ஒரு வரியில், வாய்க்குள் சொல்லிச் சொல்லித் தட்டுவார். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொல்கிற மாதிரி இருக்கும். சொல்லி முடித்து எண்டரைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார்.

வாடிக்கையாளர்களின் பெயர் வெளியே தெரியக்கூடாதென்று பொட்டுகளுக்குப் பலகாரப் பெயர் வைத்திருந்தார். ஒரு புத்தகக்கடைக்குத் தொதல். ஒரு டியூசன் நிலையத்துக்குக் கொக்கிஸ். எங்களுக்கு மூச்சு விடவைத்த பெரிய வாடிக்கையாளர் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையம். கொழும்பில் பல இடங்களில் அதற்குக் கிளைகள் இருந்தன. அதற்கு அலுவா. "அண்ணை, தொதல் இழுபடுது" என்று நான் கத்துவதையும், "கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ, இறக்கி ஏத்துறன்" என்று அவர் சொல்வதையும் கேட்டால் சமையல்கட்டு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பொட் கட்டுவதில் ஒரு சங்கதி உண்டு. எத்தனை கதவு, எந்தெந்த இலக்கத்தில் என்று கட்டும்போதே அந்த முதல் வரியில் சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர்கள் அந்தக் கதவுகளால்தான் உள்ளே வரலாம். பிறகு யோசித்து இன்னொரு கதவு வைக்க முடியாது. வேண்டுமென்றால் முழு வீட்டையும் இடித்துவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும். இது அந்த மென்பொருளின் குணம். அவருக்கும் அதற்கும் யாரோ சாதகம் பார்த்துச் சேர்த்துவைத்த மாதிரி இருந்தது. ஒரு கதவு தேவையென்றால் நாலைந்து வைப்பார்.

"எதுக்கண்ணை இத்தனை?" என்று கேட்டேன்.

"பிறகு சுவரை வெட்ட ஏலாது அக்கா."

"ஒருத்தரும் வராத கதவு எதுக்குன்னு கேக்கிறேன்."

"கிடக்கட்டுமே. அது என்ன, சோறா கேக்குது? பின்னால ஒருத்தரும் இல்லாட்டி, தட்டுறவன் தட்டிப்போட்டுப் போயிடுவான்."

அந்தக் "கிடக்கட்டுமே" அவருடைய நாவில் எப்போதும் இருந்தது. இரண்டு சிம். இரண்டு வங்கியில் கணக்கு. கந்தோர் மேசைக்கடியில் இன்னொரு சோடிச் செருப்பு. கலியாண வீட்டுக்குப் போனால் ஸ்கூட்டரை ரோட்டைப் பார்க்கத் திருப்பிவைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். மனைவி, மகள், தான் என்று மூன்று பேருக்கும் பாஸ்போர்ட் காலாவதியாகும் முன்பே புதுப்பித்துவிடுவார். ஆனால் மூன்றும் எந்த விமான நிலையத்தையும் பார்த்ததில்லை. மகளுக்கு வைத்த பெயர் எந்தச் சனம் என்று யாராலும் சொல்ல முடியாத பெயர். சிங்களவர் கூப்பிட்டால் சிங்களப் பெயர், வெள்ளைக்காரன் கூப்பிட்டால் இங்கிலீஷ் பெயர். அந்தப் பிள்ளையின் பெயரில்கூட ஒரு பின்கதவு வைத்த மனிதர் அவர் என்று நான் ஒருமுறை பகிடி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை.

பகிடி பண்ணிய என் வாய்தான் காஸ் இல்லாத காலத்தில் அடைத்துப்போனது. கொழும்பு முழுக்க வெறும் சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டி வரிசையில் வைத்துவிட்டு, பக்கத்தில் சனம் படுத்துக்கிடந்த நாட்கள். அவர் வீட்டில் மேலதிகமாக ஒரு நிறை சிலிண்டர் இருந்தது. இருக்காமல் போகுமா? அதைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்றேன். "சும்மாதானே கிடந்தது" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குச் சோறு வடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படிப்பட்ட ஆளை எப்படித் திட்டுவது?

ஏன் இப்படி என்று ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். மின்வெட்டு நேரம். திரை எல்லாம் அணைந்து, செய்ய ஒன்றுமில்லாமல் இருந்தோம்.

"சின்னனில வெள்ளவத்தையிலதானே இருந்தனாங்கள்" என்றார். "எங்கட வீட்டில பின்கதவு ஒண்டு இருந்தது. பக்கத்து வீட்டில இல்லை."

அவ்வளவுதான். எந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை. கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்திய அந்த ஆடி மாதத்தை எங்கள் வயதுக்காரரிடம் கேட்கத் தேவையில்லை. மின்சாரம் வந்ததும் அவர் தொதலை ஏற்றத் தொடங்கிவிட்டார்.

அவருடைய மனைவி இந்தக் கதையை என்னைவிட நன்றாக அறிந்தவள். அறிந்தும் அவளுக்குச் சலித்துவிட்டது. ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். சிரித்த முகம், வாய் ஓயாது. என்னோடு ஒட்டிக்கொண்டாள். அவர்கள் இருந்தது வாடகைக்கு எடுத்த மேல்மாடி. சமையலறைக்குப் பின்னால் இரும்புப் படி ஒன்று தனியாகக் கீழே இறங்கும். அந்தப் படிக்காகத்தான் அவர் அந்த வீட்டையே எடுத்தார். அதற்கு முன்னாலிருந்த வீடுகளும் அப்படித்தான். ஒவ்வொரு வருஷமும் ஒப்பந்தம் முடிய முன், இங்கேயே இருப்பதா, மாறுவதா என்று ஒரு பேச்சு நடக்கும்.

"சுவரில ஒரு ஆணி அடிக்க விடமாட்டார் அக்கா" என்பாள். "போகேக்க வீட்டுக்காரர் பேசுவினமாம். எங்க போறம்? ஒரு இடமும் போறேல்லை. போறதுக்கு வெளிக்கிட்டபடியே இருக்கிறம். எனக்கெண்டு ஒரு வீடு வேணும். அவ்வளவுதான். சின்னனெண்டாலும் பரவாயில்லை."

அவள் வேறு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. நகை கேட்கவில்லை, வெளிநாடு கேட்கவில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து இந்த ஒன்றைத்தான் கேட்டாள். அவரும் இல்லையென்று சொன்னதில்லை. பார்ப்பம், பார்ப்பம் என்று மகள் சாமத்தியப்படும் வயதுவரை கொண்டுவந்துவிட்டார்.

பிறகு எப்படியோ ஒரு ஃபிளாட் அகப்பட்டது. எங்கள் கந்தோருக்கு மூன்று ஒழுங்கை தள்ளி, மூன்றாம் மாடியில், இரண்டு அறை. விற்கிறவர் லண்டனில் இருந்தார். அவசரமாகக் கொடுக்க நின்றார். பரிசோதனை நிலையத்தோடு எங்கள் ஒப்பந்தம் நீண்டகாலத்துக்குப் புதுப்பிக்கப்பட இருந்ததால் அவருக்கு வங்கிக் கடன் கிடைக்கும் என்று முதலாளியும் சொன்னார். மனைவி என்னையும் பார்க்கக் கூப்பிட்டாள். நான் போனது ஃபிளாட்டைப் பார்க்க இல்லை, அவரைப் பார்க்கத்தான்.

உள்ளே வருவதற்கு ஒரு கதவு. வெளியே போவதற்கும் அதேதான். அவர் ஒவ்வொரு அறையாகப் போனார். குளியலறை ஜன்னலைத் திறந்து கீழே எட்டிப் பார்த்தார். பல்கனியில் நின்று பக்கத்துக் கட்டடத்தின் பல்கனி எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்தார். மகள் வெறும் அறையில் கட்டில் எங்கே, மேசை எங்கே என்று காலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். வாய் ஓயாத மனைவி அன்றைக்கு மூச்சுக்கூட விடாமல் சமையலறை வாசலில் நின்றாள்.

அவர் திரும்பி வந்து, "சரி" என்றார். "எடுப்பம்."

அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதரை நினைத்து அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. இறங்கி வரும்போது படியில் அவரிடம் சொன்னேன்: "இப்பதான் அண்ணை நீங்க வீட்டுக்குள்ள வந்திருக்கீங்க." அவர் தலையை ஆட்டினார். அவள் அந்தக் கிழமையே அட்டைப்பெட்டி சேர்க்கத் தொடங்கிவிட்டாள்.

அலுவா பொட்டைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை பேர் இரத்தம் கொடுக்கிறார்கள் என்பதைத் தன் கைத்தொலைபேசியிலேயே பார்க்க வேண்டுமென்று எங்கள் முதலாளிக்கு ஆசை வந்தது. தரவை நேரே காட்டுகிற சின்ன மென்பொருள் ஒன்றை அலுவாவுக்குள் இன்னொரு பெட்டியாகச் சேர்க்கச் சொன்னார். வேறு ஆளென்றால் பொட்டை இடித்துக் கட்ட வேண்டியிருக்கும். நிலையம் அரைநாள் நிற்கும். எங்களுடையவரிடம் சும்மா கிடந்த கதவு இருந்ததே. அந்த இலக்கத்தில் புதுப் பெட்டியைக் குடிவைத்தார். ஒரு வரி. எண்டர். வேலை முடிந்தது.

"பாத்தீங்களா அக்கா?" என்று என்னிடம் கேட்டபோது அவருடைய முகம் அப்படி மலர்ந்திருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு கதவாவது உதவிவிட்டதே.

முதலில் அதற்குக் கடவுச்சொல் போட்டிருந்தார். முதலாளியின் தொலைபேசி ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டது. "என்ன அண்ணை இது, கோயில் வாசல் மாதிரி ஒவ்வொருக்காலும் செருப்பைக் கழட்டச் சொல்லுது? எடுத்துவிடுங்க, பிறகு பாப்பம்" என்றார். அண்ணை எடுத்துவிட்டார். ஒரு பொட்டுக்குள் இருக்கிற பெட்டிகள் ஒன்றையொன்று சந்தேகப்படாது, எல்லாம் ஒரே வீடு. வெளிக்கதவு திறந்தால் உள்ளே எல்லா அறையும் திறந்த மாதிரித்தான். அவருக்கு அது தெரியாதா? தெரியும். திரும்பப் பூட்டுவதாகத்தான் இருந்தார். அந்த நாட்களில் மனம் முழுக்க வங்கியிலும் ஃபிளாட்டிலும் இருந்தது.

உலகம் முழுக்கக் கதவு தட்டிக்கொண்டு திரிகிற மெசின்கள் இருக்கின்றனவாம். ஆள் பார்த்துத் தட்டுவதில்லை. எல்லா வீட்டுக் கதவையும் தட்டும், திறந்தால் புகும்.

ஒரு திங்கட்கிழமை காலை நான் படியேறி வரும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. எடுத்து முடிக்க முதல் மற்றது. மட்டக்குளியிலிருந்து ஒருவர் பேசினார். ஏசவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "மிஸ், வைஃபுக்கு ஒப்பரேசன். ரிப்போட் இல்லாம வந்தா திரும்ப நாள் தர ஏலாதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு. கவுண்டர்ல கேட்டா கொம்பியூட்டர்ல எங்க பேரே இல்லைங்கிறாங்க. ஒருக்கா பாத்துச் சொல்லுங்க மிஸ்."

அண்ணை ஒரு கட்டளையைத் தட்டினார். பெட்டிகள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. இன்னொன்றைத் தட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. நோயாளிகள் இல்லை, அறிக்கைகள் இல்லை. ஆங்கிலத்தில் நாலு வரி மட்டும் கிடந்தது: காசு அனுப்பினால் திருப்பித் தருவோம். பிரதி எடுத்துவைக்கத் தனியாக ஒரு மெசின் முன்பு இருந்தது. மின்சாரக் கட்டணம் ஏறியபோது முதலாளி அதை நிற்பாட்டிவிட்டுப் பிரதியையும் அதே வீட்டுக்குள் வைக்கச் சொல்லியிருந்தார். வந்தவன் இரண்டையும் துடைத்துவிட்டான்.

"நான்தான் அக்கா" என்றார். "நான் வைச்ச கதவு."

பரிசோதனை நிலையத்தின் தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு சிங்களப் பொடியன் வந்தான். கெட்டிக்காரன், மரியாதையானவன். திரையைப் பார்த்துவிட்டு அந்த இலக்கத்தைத் தொட்டுக் காட்டி, "மேக்க மொகட்டத அய்யே?" என்று கேட்டான். இது எதுக்கு அண்ணே என்று. அவர் கொஞ்சமும் தமிழ் வாடை இல்லாத தன் சிங்களத்தில், பிறகு தேவைப்படும் என்று நினைத்தேன் என்று சொன்னார். பொடியனுக்குப் புரியவில்லை. ஒருவருக்கும் தேவைப்படாத ஒன்றை ஏன் திறந்து வைக்க வேண்டும் என்று திரும்பக் கேட்டான். கடவுச்சொல்லை எடுக்கச் சொன்ன முதலாளி பக்கத்தில் நின்று தன் தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தொலைபேசியைப் பிடுங்கிக் கடலில் எறிந்திருப்பேன். முதலாளியைக் காட்டிக்கொடுக்கச் சொல்லி அண்ணைக்குக் கண்ணால் காட்டினேன். அவர் செய்யவில்லை.

நிலையம் எங்களை விட்டுப் போனது. முதலாளி அண்ணையை வேலையிலிருந்து நிற்பாட்டினார். வேலையில்லாதவருக்கு வங்கி கடன் கொடுக்கவில்லை. லண்டன்காரர் ஃபிளாட்டை வேறொருவருக்கு விற்றார். சீட்டுக்கட்டு சரிந்த மாதிரி எல்லாம் ஒரு மாதத்துக்குள். மட்டக்குளி மனிதர் பிறகு பேசவேயில்லை. அவருடைய மனைவிக்கு என்ன ஆனது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அண்ணையின் மனைவி இதையெல்லாம் தாங்கினாள். உண்மையைச் சொன்னால் எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தாங்கினாள். கட்டிவைத்த பெட்டிகளைத் திரும்ப அவிழ்த்தாள். "வேலை போறது ஆருக்கும் வரும் அக்கா. ஆள் இருக்கிறாரெல்லோ" என்றாள். ஆனால் கொட்டாஞ்சேனை வீட்டின் ஒப்பந்தம் முடிய இருந்தது. வெளிக்கிடுகிறோம் என்று வீட்டுக்கார அம்மாவிடம் அவளே போய்ச் சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள். இப்போது அதே வாயால் இருக்கவிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். தனியாகப் போக வெட்கப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

வீட்டுக்கார அம்மா மாதா சொரூபத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். இவள் தயங்கித் தயங்கித் தொடங்கினாள்: "அம்மா, நாங்க இன்னும் கொஞ்சக் காலம்..."

"அதுக்கென்ன மகள்" என்றார் அந்த அம்மா. "நீங்க போறோம்ன்னு சொன்னீங்களே, அதுக்கு அடுத்த நாளே ஐயா வந்து பேசிட்டாரே. அவ சொல்றத வச்சு வீட்ட யாருக்கும் குடுத்துறாதீங்க, இன்னும் ஒரு வருஷத்துக்கு நாங்க எடுக்கிறோம்ன்னு முற்பணமும் தந்துட்டாரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஃபிளாட்டில் நின்று "சரி, எடுப்பம்" என்று அவர் சொன்ன அதே கிழமை அது. பொட் விழவில்லை, வேலை போகவில்லை, எல்லாம் நன்றாக இருந்த கிழமை.

"சந்தோசம் அம்மா" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள். நானும் ஏறினேன். அவர் வரவேற்பறையில் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் அவரைக் கடந்து சமையலறைக்குள் போனாள். நான்தான் பொறுக்க முடியாமல் சமையலறையில் அவளிடம், தெருவில் நிற்காமல் தப்பினீர்களே, அதையாவது நினை என்றேன்.

"ஓம் அக்கா. அவர் செய்தது நல்லதாத்தான் முடிஞ்சிருக்கு" என்றாள். "ஆனா அண்டைக்கு ஃபிளாட்டில நான் அழேக்க, அவர் எனக்குப் பக்கத்தில நிக்கேல்லை. எனக்கு இப்பதான் விளங்குது. அவர் ஒரு நாளும் நிண்டதில்லை."

அடுத்த பள்ளித் தவணை தொடங்க முதல் மகளைக் கூட்டிக்கொண்டு நுகேகொடைக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பாலர் பாடசாலையில் வேலை, ஒரு வீட்டின் பின்பக்கத்தில் சின்ன அனெக்ஸ்.

அண்ணைக்கு விளங்கவேயில்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்று, "நான் வைச்சது உதவினதுதானே அக்கா? உதவாம விட்டுதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இதற்கு என்ன சொல்ல? எனக்குப் பாவமாகவும் இருந்தது, பிடித்து உலுப்ப வேண்டும் போலவும் இருந்தது. வேலைக்கு எங்கெங்கோ எழுதிப் போட்டார். நேர்முகத்தில் பழைய கொம்பனியை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், நடந்ததை அப்படியே சொல்லிவிடுவார். அங்கே மட்டும் ஒரு சின்னப் பொய்யை வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

சில மாதம் போய் ஒருநாள் வந்தார். சேவ் எடுத்து, மினுக்கிய சேர்ட் போட்டிருந்தார்.

"வீட்டை விட்டிட்டன் அக்கா" என்றார். "கதவுத் திறப்பை வீட்டுக்கார அம்மாவிட்டக் குடுத்திட்டன். ரெண்டு பாங்க் கணக்கையும் ஒண்டாக்கி அவளின்ர பேரில போட்டாச்சு. வேற ஒரு இடமும் பாக்கேல்லை. இண்டைக்கு இரவுக்குப் படுக்கக்கூட இடம் பாக்கேல்லை. அவளிட்டப் போய்ச் சொல்லப்போறன். நீங்களும் வந்தீங்களெண்டா..."

அந்தக் கண்களில் இருந்த நம்பிக்கையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் போனேன். யார்தான் போகாமல் இருப்பார்கள்?

நுகேகொடையில் அவள் எங்களை நன்றாக வரவேற்றாள். நல்ல நிறம் பிடித்திருந்தாள். வாசலில் கறிவேப்பிலைக் கன்று ஒன்று நிலத்தில் ஊன்றியிருந்தது. மகள் அப்பாவுக்குக் கதிரை இழுத்துப் போட்டாள். தேத்தண்ணி வந்தது, மிக்சர் வந்தது. அவர் சொல்ல வந்ததைச் சொன்னார். இடையில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, திரும்பத் தொடங்கினார். இனி உன்னோடுதான், வேறு ஒன்றும் வைத்திருக்கவில்லை என்றார். நான் என் பங்குக்கு, அண்ணை மாறிட்டார் பிள்ளை என்றேன்.

அவள் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஏன் விட்டனீங்கள்?" என்றாள். "நல்ல வீடெல்லே. உங்களுக்குக் காத்தோட்டமா இருந்தது. வீட்டுக்கார அம்மாவிட்டக் கேட்டுப் பாருங்கோ, திரும்பத் தருவா." பிறகு ஜன்னலால் வானத்தைப் பார்த்தாள். "மழை இருட்டுது. நேரத்தோட வெளிக்கிட்டா நல்லம், இருட்டினா பஸ் நெரிசல். கொஞ்சம் இருங்கோ, இடியப்பம் கட்டித் தாறன். ரெண்டு பேருக்கும்."

சம்பல் தனியாக, சொதி தனியாகப் போத்தலில் கட்டித் தந்தாள். அடுத்த ஞாயிறும் வாங்கோ, பிள்ளை பாத்துக்கொண்டிருப்பாள் என்று சிரித்த முகத்தோடு கேற் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். எனக்குச் செய்த உபசாரத்துக்கும் அவருக்குச் செய்த உபசாரத்துக்கும் ஒரு வித்தியாசமும் இருக்கவில்லை.

பஸ்ஸுக்கு நின்றோம். மழை தொடங்கிவிட்டது. அவர் பார்சலைச் சேர்ட்டுக்குள் வைத்து நனையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கோவமா இருக்கிறாளோ அக்கா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். "இல்ல அண்ணை" என்றேன். "கோவமே இல்ல."

"ஓம்" என்றார். "நானும் பாத்தனான். கோவமெண்டா நான் கொஞ்ச நேரம் நிண்டு கதைச்சிருப்பன்."

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. "நான் எந்த ஹோல்ட்டில இறங்கிறது? நீங்கள் போங்கோ அக்கா" என்றார்.